செருப்பைக் கழற்றிவிட்டுச் சொல்லவும்

பயம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, வேலைவெட்டி இல்லாதவர்கள் பொழுது போகாமல் கண்டுபிடித்த சமாச்சாரம் அது என்று அட்மிரல் மதியச் சாப்பாட்டு வேளையில் சுற்றுலா அலுவலகத்துக்கு அறிவித்தார். அறிவித்துவிட்டு, சான்றுக்கு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். எதிரே படகுத்துறையில் ஒரு குடும்பம் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, கேட்கும் பாறைக்கு எந்தப் படகு போகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

“பாருங்க. கல்லுக்கு முன்னால செருப்பைக் கழட்டிட்டு நின்னு, ‘எனக்கு இடின்னா பயம், கரப்பான்னா பயம்’னு ஒப்பிக்கப் போறாங்க. அதுவும் குடும்பத்தோட.”

“அந்தப் பாறையைப் பத்தி எழுதினதே நீங்கதானே சார்?” என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

“அதனாலதான் சொல்றேன்.”

கேட்கும் பாறை என்று ஒரு பாறை இல்லை. இது அட்மிரலுக்கு மட்டுமே தெரிந்த உண்மை. தீவின் சுற்றுலாக் கையேட்டை அவர்தான் எழுதினார். கலங்கரை விளக்கம், வெண்மணல் வளைகுடா, வளைவுப் பாறை, பறவை மேடு என்று கடற்கரை மொத்தத்தையும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் வர்ணித்து முடித்தபோது, கடைசிப் பக்கத்தில் பாதி காலியாகக் கிடந்தது. காலி இடம் அலுவலகத்துக்கு அவமானம், எதையாவது போட்டு நிரப்புங்கள் என்றார் மேலாளர். அட்மிரல் நிரப்பினார்:

‘கேட்கும் பாறை, வடக்குக் கரை. தரை வழி இல்லை. பாறையின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, மனதிலுள்ள பயத்தை வாய்விட்டுச் சொல்லவும். அந்தப் பயம் அங்கேயே தங்கிவிடும். அழைத்து வந்தவரே முதலில் சொல்ல வேண்டும். பொய் சொல்பவரைக் கடல் சும்மா விடாது.’

தரை வழி இல்லை என்று எழுதியது, யாரும் போய்ச் சரிபார்த்துவிடக் கூடாது என்பதற்காக. மிச்சமெல்லாம் இடத்தை அடைப்பதற்காக.

அட்மிரல் என்பது கல்லூரி விடுதியில் கிடைத்த பட்டம். மருந்துக்குக்கூடக் கடல் இல்லாத ஊரில், கட்டில்மேல் ஏறி நின்று கடற்போர்களைப் பற்றி அவர் ஆற்றிய உரைகளுக்காக, அறைத்தோழர் கொக்கி வழங்கியது. கொக்கி நல்ல உயரம். கழுத்து மட்டும் முன்னால் வளைந்து, யாரையோ மாட்டி இழுப்பதுபோல் இருக்கும். பிற்பாடு அட்மிரலுக்கு இந்தத் தீவுக்கு மாற்றல் வந்தது. கப்பலின் அடித்தளத்தில் படுத்து, போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அதன்பின் தீவை விட்டு அவர் நகரவே இல்லை. கேட்டால் வேலை அதிகம் என்பார். மகளின் கல்யாணத்தையே மாப்பிள்ளை வீட்டாரைக் கப்பலேற்றி வரவழைத்துத்தான் நடத்தினார்.

அந்த மகளுக்கு அக்கரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அத்தனையையும் அட்மிரல் கைபேசியில்தான் பார்த்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு முதல் பிறந்தநாள். அலுவலகத்தில் தணிக்கை, வர இயலாது என்று சொல்லியாகிவிட்டது. அன்றிலிருந்து மனைவி அவரிடம் பேசவில்லை. சமையலறைப் பாத்திரங்களைப் பேசவிட்டிருந்தார்.

இந்த நிலையில்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொக்கி கூப்பிட்டார்.

“டேய் அட்மிரல், நாளைக்குக் காலைக் கப்பல்ல வர்றேன். எனக்குப் பித்தப்பையில கல்லாம். ஆபரேஷன் பண்ணியே ஆகணும்கிறாங்க. என்னால முடியாதுடா. மயக்க மருந்துன்னு சொன்னாலே மயக்கம் வருது.”

“அதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகாம ஏன்டா இங்க வர்றே?”

“உன் கையேட்டைப் படிச்சேன். அந்தப் பாறைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டேன்னா தைரியம் வந்துரும். திங்கட்கிழமை போய்ப் படுத்துருவேன். நீதான் கூட்டிட்டுப் போகணும்.”

அட்மிரலுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் கொக்கி ஆபரேஷன் மேஜைமேல் படுக்கமாட்டார். வயிற்றுக்குள் கல் முற்றி ஏதாவது ஆகிவிட்டால் அதற்குக் காரணம் தான் எழுதிய அந்த அரைப் பக்கம். சொல்லாவிட்டால் படகில் ஏற வேண்டும். எழுதுகிறவனுக்குப் பொறுப்பு வேண்டும் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறார். அந்தப் பொறுப்பு இப்படிக் கழுத்தை வளைத்துக்கொண்டு காலைக் கப்பலில் வந்து இறங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

காலையில் கிளம்பும்போது மனைவி ஒரு கனமான பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். துண்டு, மாற்றுத் துணி, தண்ணீர், பிஸ்கட் எல்லாம் இருக்கிறதாம்.

“நான் என்ன படகுலயா போகப்போறேன்?”

“இருக்கட்டும். பயந்த மனுஷன். பத்திரமாக் கூட்டிட்டுப் போகணும்,” என்றார் மனைவி. பல நாள் கழித்து அவரிடம் சொன்ன முதல் வாக்கியம் அது. நண்பன்மேல் இவ்வளவு கரிசனமா என்று அட்மிரலுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கப்பலை விட்டு இறங்கிய கொக்கியிடம், பாறை பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டிருக்கிறது என்று அட்மிரல் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னார்.

“பாறைக்கு என்னடா பராமரிப்பு?”

“உள்ளுக்குள்ள விரிசல்.”

கொக்கி பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தார். “எல்லார் பயத்தையும் வாங்கி வாங்கித் தாங்கலையோ என்னவோ. அப்போ இன்னிக்கே போயாகணும்டா. முழுசா உடைஞ்சுட்டா நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?”

என்றைக்கோ என்று தள்ளப் பார்த்தது இப்படி இன்றைக்கே என்று ஆயிற்று.

அடுத்து அட்மிரல் பேருந்தை நம்பினார். கடற்கரைச் சாலையில் வெயிலில் நாலு இடம் சுற்றிக்காட்டினால் ஆள் களைத்துவிடுவார் என்பது கணக்கு. கலங்கரை விளக்கத்தைக் காட்டினார். பறவை மேட்டைக் காட்டினார். பறவைகள் இல்லை, அவை அலுவல் நிமித்தம் வெளியே போயிருப்பதாகச் சொன்னார். கொக்கி களைக்கவில்லை. கடைசியில் ஒரு நிறுத்தத்துக்குப் பின்னால் கிடந்த பெரிய கல்லைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, இதுதான் என்றார். கல்லின்மேல் பல்பொடி விளம்பரம் எழுதியிருந்தது. விளம்பரத்தின்மேல் ஓர் ஆடு நின்றது.

கொக்கி ஆட்டை மரியாதையாகப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கையேட்டை எடுத்துப் புரட்டினார்.

“தரை வழி இல்லைன்னு போட்டிருக்கே. நாம பஸ்லதானே வந்தோம்?”

தான் எழுதிய வாக்கியம் தன் கழுத்தையே பிடிக்கும்போது அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லையே என்று அட்மிரல் நொந்துகொண்டார். அதற்குள் நடத்துனர் எட்டிப் பார்த்து, கேட்கும் பாறைக்கா, முதலிலேயே சொல்லக்கூடாதா, இது திரும்பிப் போகிற வண்டிதான், ஏறுங்கள் என்றார். பேருந்து மொத்தமும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டே வந்தது. நிறுத்தமே இல்லாத இடத்தில் விசிலடித்து வண்டியை நிறுத்தி, படகுத்துறை வாசலிலேயே இரண்டு பேரையும் இறக்கிவிட்டார்கள்.

துறையில் ஒரே ஒரு மோட்டார் படகுதான் நின்றது. அட்மிரல் படகோட்டியைத் தனியாகத் தள்ளிக்கொண்டுபோய், கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, போகமுடியாது என்று சொல்லிவிடும்படி கெஞ்சினார். படகோட்டி திரும்பிக் கடலைப் பார்த்தார். அது இஸ்திரி போட்ட வேட்டிபோலக் கிடந்தது. இருந்தாலும் தலையாட்டிவிட்டுக் கொக்கியிடம் போனார்.

“கடல் கொஞ்சம் கொந்தளிப்பா இருக்கு சார். பயந்தவங்கன்னா வேண்டாம்.”

“நான் பயந்தவன்தாம்பா. அதுக்குத்தானே போறதே,” என்றார் கொக்கி. பிறகு துறைக்கே கேட்கும்படி திரும்பினார். “டேய் அட்மிரல், உனக்கு ஒண்ணும் பயமில்லையே?”

மேலாளர் உட்பட அலுவலகமே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது.

“எனக்கென்ன பயம்,” என்றார் அட்மிரல். சொன்னது வாய். கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஒரு பக்கம் கொக்கியும் மறு பக்கம் படகோட்டியும் அக்குளில் கைகொடுத்து அவரைப் படகுக்குள் இறக்கினார்கள். லைஃப் ஜாக்கெட் அவருக்கு இரண்டு அளவு சின்னது. அதை மாட்டியதும் கைகள் தாமாகவே பக்கவாட்டில் தூக்கிக்கொண்டன.

படகு கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டார். வெயிலுக்குக் கொண்டுவந்த குடையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, உட்கார்ந்திருந்த பலகையை இரண்டு கையாலும் பற்றினார். செருப்புக்குள் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகப் பிடிமானம் தேடியது. அடியில் பலகை. பலகைக்கு அடியில் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் என்ன என்று யோசிக்கக்கூடாது என்று முடிவு செய்தார். முடிவு செய்ததும் அதைத் தவிர வேறு யோசனை வரவில்லை. இருட்டு, அதற்குக் கீழே இன்னும் இருட்டு, அங்கே எதுவோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படகின் அடிவயிற்றை அண்ணாந்து பார்க்கிறது.

“என்னடா கண்ணை மூடிட்டே?”

“ரசிக்கிறேன்.”

“சுத்திக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்தியே. ஏதாவது சொல்லேன்.”

அட்மிரல் கையேட்டை மனப்பாடமாக ஒப்பித்தார். “இடது பக்கம் பார். மரகத நீரிலிருந்து தலைநீட்டும் வளைவுப் பாறை. காலம் என்னும் சிற்பியின் கைவண்ணம்.”

“இடது பக்கம் கடல்தான்டா இருக்கு.”

“அப்போ வலது பக்கம்.”

“வலது பக்கம் இருந்துச்சு. தாண்டிட்டோம்.”

வர்ணனையின் வேகத்துக்குப் படகு ஓடவில்லை என்று அட்மிரல் படகோட்டியைக் குறை சொன்னார். கண்ணைத் திறந்திருந்தால் அவர் பார்த்திருப்பார்: செம்மண் நிறத்தில் செங்குத்தாக இறங்கும் கரை, அதன் இடுக்குகளில் வெள்ளையாக உட்கார்ந்திருந்த பறவைகள், அடிமணல் வரை தெரியும் தண்ணீர், அதில் படகுக்கு முன்னால் ஓடும் படகின் நிழல். கையேட்டில் இருந்ததைவிட எல்லாமே கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. அவருக்குக் கேட்டதெல்லாம் கொக்கி பிஸ்கட் கடிக்கும் சத்தம். பாவம், பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் தின்கிறான் என்று இரக்கப்பட்டார்.

“இறங்கலாம் சார்.”

கண்ணைத் திறந்தார். கையகலக் கரை. அதன் நடுவில் முதுகைக் காட்டி, தலையைச் சற்றே சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்பதற்கென்றே உட்கார்ந்ததுபோல் ஒரு பாறை. அதன்முன் செருப்புகள். சில மனிதர்கள் வெறுங்காலோடு வரிசையில் நின்றார்கள். தான் நாற்காலியில் உட்கார்ந்து அவிழ்த்துவிட்ட பொய் தனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவர் படகோட்டியின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“இது என்னப்பா?”

“கேட்கும் பாறை சார்.”

“அது தெரியுது. எங்கேருந்து வந்துச்சு?”

“நீங்க எழுதினப்புறம் வர்றவங்க எல்லாம் கேட்டாங்க. இல்லேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? படகுக்காரங்க எல்லாம் உக்காந்து பேசி, இறங்க வசதியா இருக்கிற பாறையாப் பார்த்து இதை வெச்சோம். மேற்குக் கரைக்காரங்களும் ஒண்ணு வெச்சிருக்காங்க.” அவர் முகத்தைச் சுளித்தார். “அது போலி.”

அட்மிரல் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது, வரிசையில் நின்ற ஓர் அம்மாள் அவரைத் தடுத்தார்.

“இடது செருப்பை முதல்ல கழட்டணும். கையேட்டுல போட்டிருக்கு.”

“கையேட்டுல அப்படி இல்லைங்க.”

“சரியாப் படிச்சுப் பாருங்க,” என்றார் அந்த அம்மாள், அவர்மேல் பரிதாபப்பட்டு. அட்மிரல் வேண்டுமென்றே வலது செருப்பை முதலில் கழற்றினார்.

முறை வந்ததும், அழைத்து வந்தவரே முதலில் சொல்ல வேண்டும் என்று கொக்கி ஞாபகப்படுத்தினார். இதையும் தானே எழுதித் தொலைத்தோமே என்று அட்மிரல் பாறையின் முன் போய் நின்றார். பின்னால் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். தொண்டையைச் செருமி, “பல்லி,” என்றார். வரிசை அனுதாபமாக முனகியது. கொக்கி முன்னால் வந்து, “ஆபரேஷன்,” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொரு பிஸ்கட் எடுத்தார். ஆள் ஒரு நொடியில் தேறிவிட்டார். பொய்யாக இருந்தாலும் நன்றாக எழுதினால் பலன் உண்டு என்று அட்மிரலுக்கு உள்ளூரப் பெருமை பொங்கியது.

திரும்புகிற படகில் அந்தப் பெருமை வெகுதூரம் வரவில்லை.

கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். தூரத்தில் கப்பலின் சங்கு மாதிரி என்னவோ ஊதியது. அடுத்த நிமிஷம் படகு மேலே எழும்பியது. எழும்பியது அப்படியே விழுந்தது. வயிறு மட்டும் மேலேயே நின்றுவிட்டு, பிறகு தனியாக வந்து சேர்ந்தது. ஒரு வாளித் தண்ணீரை யாரோ மடியில் கொட்டினார்கள்.

“பொய் சொல்பவரைக் கடல் சும்மா விடாது,” என்று கொக்கி நிதானமாகப் படித்தார்.

“டேய், அதை எழுதினதே நான்தான்டா.”

“அதனாலதான் நம்புறேன்.”

படகு மறுபடியும் எழும்பியது. இந்த முறை பக்கவாட்டில் சாய்ந்தது. மூடிய இமைகளுக்குள் அட்மிரல் தன் முடிவைத் தெளிவாகப் பார்த்தார். கீழே இருந்த வாய் இன்னும் திறந்தே இருந்தது. அவருக்கு மேலாளர் ஞாபகம் வரவில்லை, கையேடு ஞாபகம் வரவில்லை. கைபேசித் திரையில் ஈறு தெரியச் சிரிக்கும் ஒரு முகம்தான் வந்தது. அதனிடம் யாராவது, உன் தாத்தா தணிக்கையில் இருந்தார், அதனால் வரவில்லை என்று சொல்லுவார்கள். அதுவும் நம்பிவிடும்.

“படகைத் திருப்புப்பா,” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “பாறைகிட்ட குடையை விட்டுட்டேன்.”

படகோட்டி அவருடைய முழங்கால்களுக்கு நடுவில் இருந்த குடையைப் பார்த்தார். கொக்கியும் பார்த்தார். படகு திரும்பியது.

கரையில் இப்போது யாரும் இல்லை. நீங்கள் இங்கேயே இருங்கள், ஒரு நிமிஷம்தான் என்று சொல்லிவிட்டு அட்மிரல் தனியாக நடந்தார். பாறையின் முன் நின்றார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். பிறகு இடது செருப்பை முதலில் கழற்றினார். அடுத்து வலதை.

“கடல்,” என்றார் மெதுவாக.

பாறை கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்புறம், நான் போய் நிக்கிறப்போ அந்தக் குழந்தை யாரோன்னு நினைச்சு வீல்னு கத்திரும். அது.”

மூக்கைத் துடைத்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, வெறுங்கையை வீசியபடி படகுக்கு வந்தார்.

“குடை கிடைச்சுதாடா?” என்றார் கொக்கி.

“கிடைச்சுது.”

குடை அவர் உட்கார்ந்திருந்த பலகைமேல் கிடந்தது. அட்மிரல் அதைப் பார்க்காமல் எடுத்து, முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். கடல் மறுபடியும் இஸ்திரி போட்டதுபோல் ஆகிவிட்டிருந்தது. பலகையை ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். இருட்டு எதுவும் தெரியவில்லை. தண்ணீருக்கு அடியில் மணல்தான் தெரிந்தது. மற்றக் கண்ணையும் திறந்தார்.

படகு கரையை விட்டு விலகி, திறந்த கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

“வீடு அந்தப் பக்கம்பா,” என்றார் அட்மிரல். “எங்கே போறே? இவனைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். பயந்த ஆளு. ஆபரேஷன் வேற இருக்கு.”

கொக்கி கழுத்தை இன்னும் வளைத்து, தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு அட்மிரலின் மனைவி கொடுத்தனுப்பிய பையைத் திறந்து, துண்டுக்கு அடியிலிருந்து மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைச் சட்டையையும், காகிதம் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியையும் எடுத்து அட்மிரலின் மடியில் வைத்தார்.

படகோட்டி இயந்திரத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுத் திரும்பினார்.

“அவருக்கு ஒண்ணும் இல்ல சார், அக்கா கூப்பிட்டுத்தான் வந்தார். அக்கா நேத்தே சொல்லிட்டாங்க: ‘எங்க வீட்டுக்காரரைப் பாறைக்குக் கூட்டிட்டுப் போ, முதல்ல பல்லி கில்லின்னு எதையாவது சொல்லுவார், கண்டுக்காதே, தானாத் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழட்டினார்னா மட்டும் நேரா அக்கரைக்கு விட்டுடு, நான் மதியக் கப்பல்ல முன்னாடி போய்ப் பேத்தியோட துறையில நிக்கிறேன்’னு.”